விரல்நடை

நெட் சுத்தமாக வரவில்லை என்றால் எங்கள் வேலை சுலபம். ஒயரை எலி கடித்திருக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் ஏதாவது பிளக்கைப் பிடுங்கியிருப்பார். எல்லாத் தளமும் திறக்கிறது, ஒன்று மட்டும் திறக்கவில்லை என்று புகார் வந்தால்தான் சிக்கல். அந்தக் கோளாறு மிஷினில் இருக்காது, மனிதர்களுக்கு நடுவில் இருக்கும். யாரோ யாருக்கோ கதவைச் சாத்தியிருப்பார்கள். எங்கள் கம்பெனியில் அந்த மாதிரிப் புகாரையெல்லாம் என் தலையில்தான் கட்டுவார்கள்.

அந்தப் புதன்கிழமை காலையும் அப்படித்தான் திருச்செங்கோட்டில் மலையடிவாரத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். கம்பெனி அனுப்பிய சீட்டில் கதவு எண் மட்டும் இருந்தது. கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் தோளில் இருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அர்த்தநாரி மாஸ்டர்.

"வாங்க அம்மணி. ரெண்டு நாளா ஒரே வெசனமா இருக்குதுங்க. எல்லாம் வருது, எம் பொண்ணு பக்கம் மட்டும் வர மாட்டேங்குது."

தலை முழுக்க நரைத்திருந்தது. முதுகு மட்டும் அப்படியே ஸ்கேல் வைத்த மாதிரி. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று இருபத்தாறு வருடத்துக்கு முன்பே முடிவு செய்தவள் நான்.

"பொண்ணு எங்க இருக்காங்க சார்?"

"கப்பல்லீங். சனிக் கெரகத்துக்குப் போகுதே, அந்தக் கப்பல்ல. அதுல குறிப்பேடு அடிக்கிற வேலை. வாசுகின்னு பேரு."

சனி பிடித்தவர்கள் திருநள்ளாறு போவார்கள். இந்தக் குடும்பம் நேராகச் சனிக்கே போகிறது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு ரூட்டரை அணைத்துப் போட்டேன்.

"வெள்ளிக்கெழம பன்னண்டு மணியோட கடுதாசி வாங்கறது நின்னு போகுமுங். அப்பறம் எல்லாரையும் தூங்க வெச்சுருவாங்க. ஒம்பது வருசம். எனக்கு எழுவத்தெட்டு ஆச்சு. அவ எந்திரிக்கிறப்ப நான் இருக்க மாட்டேன். அதுக்குள்ள நாலு வரி எழுதோணும்."

"குரல்ல பேசி அனுப்ப முடியாதுங்களா?"

"குரலு, மொகம் எதையும் எடுத்துக்க மாட்டாங்களாம். அடிக்கத்தான் வேணுமாம். அதுவும் குடும்பத்துக்கு ஒரே ஒரு மிஷின்லிருந்துதான்."

அது எனக்கும் தெரிந்ததுதான். யாருடைய முகத்தையும் குரலையும் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்று ஆன பிறகு, உலகத்தில் நம்புவதற்கு மிச்சம் இருந்தது விரல்நடை ஒன்றுதான். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் எத்தனை நேரம், எந்த விரல் எவ்வளவு அழுந்துகிறது என்பதை வைத்து மிஷின் ஆளைச் சொல்லிவிடும். கையெழுத்து, பாஸ்வேர்டு, கைரேகை எல்லாம் போய், இப்போது பத்திரப் பதிவுக்குக்கூட பத்து வரி அடித்துக் காட்டினால் போதும்.

"முன்னாடி வந்துட்டு இருந்துச்சுங்களா?"

"ஜம்முனு வந்துச்சு. எஞ் சம்சாரம்தான் அடிப்பா. நான் சொல்லச் சொல்ல ஒத்த வெரல்ல தேடித் தேடி அடிப்பா. ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன், அவளுக்குச் சொல்லிக் குடுக்கல. அவ போயி ரெண்டு மாசமாச்சு. கப்பல் ஆபீஸ்காரங்களே வாசுகிக்குத் தகவல் சொல்லிட்டாங்க. இப்பத்தான் நானே உக்காந்து அடிக்கறேன். பத்து வார்த்தை போறதுக்குள்ள வெள்ளையாப் போயிருதுங். இன்னிக்குக் காலைல மறுக்கா அடிச்சேன், அதே கதைதான்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். பழைய தட்டச்சு வரிசையில் எழுத்து அமைத்த சாவிப்பலகை. இரண்டு வரி கட்டளை அடித்துப் பதிவேட்டைத் திறந்தேன். அடிக்கும்போது மாஸ்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அடிக்கறது சுத்தமா இருக்குது. யாருகிட்ட படிச்சீங்க?"

"இங்கதான் ஒரு எடத்துல" என்றேன்.

பதிவேட்டில் காரணம் ஒரே வார்த்தையில் இருந்தது. அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஆள்மாறாட்டம்.

விஷயம் இதுதான். கப்பல் ஆபீஸின் அந்தக் கடிதப் பக்கம் முன்பின் தெரியாத விரலைக்கூட உள்ளே விடும். கப்பலில் இருக்கும் ஒருவருடைய விரல் பூமியில் நடந்தால் மட்டும் கதவைச் சாத்தும், இரண்டு நாளைக்கு அந்த வீட்டு மிஷினையே சேர்க்காது. வாசுகி அப்பாவிடம் படித்தவள். மாஸ்டர் நடத்திய தட்டச்சுப் பயிலகத்தில் அவர் மேசையில் ஸ்கேலால் தட்டிக்கொண்டே இருப்பார், அந்தத் தாளத்துக்கு முதல் பாடமான 'யளனகப' அடிக்க வேண்டும். தப்பினால் அந்த ஸ்கேல் விரல் முட்டியில் இறங்கும். ஏழு வயதிலிருந்து அடி வாங்கி வளர்ந்த மகளின் விரலும் அடித்த அப்பாவின் விரலும் ஒன்றுபோலவே நடந்தன. மகளாக நடிக்க வந்த திருடன் என்று அந்தப் பக்கம் அப்பாவை வெளியே தள்ளிவிட்டது.

மருந்தும் சுலபம். அவர் மனைவி மாதிரி ஒற்றை விரலில் அடித்தால் போதும். சொல்ல அரை நிமிடம் ஆகாது.

நான் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டால், அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அந்தப் பயிலகத்திலேயே வேகமான விரல் என்னுடையது. அப்பா தாலுகா ஆபீஸில் பியூன். ஃபைல் தூக்கித் தூக்கி, ஒருநாளாவது மகள் அதே ஆபீஸில் டைப்பிஸ்ட் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று உயிரை வைத்திருந்தார். டைப்பிங் ஹையர் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு வாசுகிக்கு அம்மை போட்டுவிட்டது. பரீட்சையை விட்டால் அவளுக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும் தேதி போய்விடும். மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். ஹால் டிக்கெட்டில் போட்டோ மங்கல்தான், நீ போய் அடித்துவிட்டு வா, மாஸ்டர் நான் சொல்கிறேன், ஒன்றும் ஆகாது என்றார். மாஸ்டர் சொன்னால் அது வேதம். போனேன்.

பறக்கும் படை பிடித்தது. மாஸ்டரை வரவழைத்தார்கள். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஹால் டிக்கெட் காணாமப் போயி நாலு நாளாச்சுங்க. இந்தப் பொண்ண எனக்குத் தெரியாது" என்றார்.

அவர்களும் நம்பினார்கள். ஆயுளுக்கும் எந்த அரசுப் பரீட்சையும் எழுதக் கூடாது என்று எனக்குத் தடை வந்தது. பேசி முடித்த மாப்பிள்ளை வீடு தேங்காய்த் தட்டைத் திருப்பி அனுப்பியது. அப்பா என்னைத் திட்டவில்லை. ஓய்வு பெறும் வரைக்கும் ஆபீஸில் டைப்பிஸ்ட் அறைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவார் என்று மட்டும் பிற்பாடு கேள்விப்பட்டேன். அவர் செத்தபோது மாஸ்டர் வீட்டிலிருந்து ஒரு மாலைகூட வரவில்லை. வாசுகி ஆறு மாதம் கழித்துப் பரீட்சை எழுதி, பாஸாகி, மேலே மேலே போய், கடைசியில் சனிக்கே போய்விட்டாள்.

"என்னங்க அம்மணி, ஏதாச்சும் தெரியுதுங்களா?"

"மிஷின்ல கோளாறு இல்லீங் சார். அந்தப் பக்கத்துலதான் உங்களுக்குக் கதவைச் சாத்திருக்குது."

"யாரு சாத்துனது?"

நான் பையைக் கட்ட ஆரம்பித்தேன்.

"வாசுகியா?"

பொய் சொல்லவில்லை. பதில்தான் சொல்லவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். "அவுங்கம்மா சாவுக்குக்கூட நான் ஒரு வரி எழுதலீங். அந்தக் கோவமா இருக்கும்" என்றார். இரண்டு நாளைக்கு மிஷினைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வண்டியை எடுத்தேன். மனசு பண்டிகைக்குப் புதுத்துணி எடுத்த மாதிரி இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷம் வியாழக்கிழமை மதியம் வரைக்கும்தான் தாங்கியது. சாப்பிடும்போது திடீரென்று உறைத்தது. அவர் மகளை நினைத்து அழுகிறார், என்னை நினைத்து இல்லையே. எதற்காக அடி வாங்குகிறோம் என்று தெரியாதவனுக்கு அது அடியே இல்லை, விதி. விதி என்று நினைத்துக்கொண்டே செத்துப்போவார். அந்த நிம்மதியை அவருக்குக் கொடுக்க நான் யார்?

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு மறுபடி போனேன். இந்த முறை சார் என்று கூப்பிடவில்லை.

"மாஸ்டர், கதவைச் சாத்துனது உங்க பொண்ணு இல்ல."

பதிவேட்டில் இருந்ததை அப்படியே சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அவ இல்லீங்களா? அவ சாத்தலீங்களா?" என்று நான்கு முறை கேட்டார். புதன்கிழமையே ஏன் சொல்லவில்லை என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. நானே சொன்னேன்.

"வாசுகி ஹால் டிக்கெட்டோட பரீட்சைக்குப் போன பொண்ணு நான்தான்."

 என் முகத்தையே பார்த்தார். காலில் விழுவார், இல்லை கத்துவார், இரண்டில் ஒன்று என்று நினைத்தேன்.

"அது நடந்தது நல்லா ஞாபகம் இருக்குது அம்மணி. தப்புத்தான். ஆனா மொகம் வல்லே. எத்தனையோ ஆயிரம் புள்ளைங்க. எந்த மிஷின்ல உக்காருவே நீ?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என் வாழ்க்கையை அழித்தவருக்கு என் முகமே நினைவில்லை. அன்றைக்குத் தெரியாது என்று சொன்னது பொய். இன்றைக்கு அது நிஜமாகவே ஆகிவிட்டது.

"நெனச்சுப் பாருங்க" என்றேன். எந்த மிஷின் என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? ஜன்னலோரத்தில் ஏழாம் நம்பர். அதில் 'ய' சிக்கும். இடது சுண்டுவிரலால் அழுத்திப் பிடித்துத்தான் விட வேண்டும். மாற்றிக் கொடுங்கள் மாஸ்டர் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

"கதவைத் தொறக்கற வழி எனக்குத் தெரியும். ஆனா நான் சொல்றதைத்தான் அடிக்கோணும். மொதல்ல அன்னிக்கு நடந்ததை அடிங்க. அப்பறம் உங்க பொண்ணுக்கு என்ன வேணுமோ எழுதிக்குங்க."

மணியைப் பார்த்தார். சரி என்று தலையசைத்தார்.

"ஒத்த வெரல்ல. எழுத்தைப் பாத்துப் பாத்து அடிங்க."

அதைக் கேட்டதும்தான் அவர் முகம் சுருங்கியது. சாவிப்பலகையைக் குனிந்து பார்த்த பிள்ளைகளின் முட்டியைப் பெயர்த்த மனிதர். வலதுகை ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு, கோழி கொத்துவதுபோல ஓர் எழுத்துக்கு ஒரு முறை குனிந்தார். மேசை மேல் அந்தப் பழைய இரும்பு ஸ்கேல் கிடந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் நின்றேன். தட்டவில்லை. ஆனால் அவர் கண் இரண்டு முறை அதன் மேல் போனதைப் பார்த்தேன்.

"பேரு என்னன்னு போடறது அம்மணி?"

"பேரு வேண்டாம். ஒரு பொண்ணுன்னு போடுங்க. உங்களுக்கு அவ்வளவுதானே ஞாபகம்."

அவர் அடித்தார். உனக்கு அம்மை போட்டபோது ஒரு பெண்ணை உன் பெயரில் பரீட்சைக்கு அனுப்பினேன். அவள் மாட்டிக்கொண்டபோது அவளைத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. எழுத்துக்கு எழுத்து பிழை. திருத்தப் போனால் இன்னொரு பிழை. அதன் கீழே, அம்மா கடைசியாக உன் பெயரைத்தான் சொன்னாள், நன்றாகத் தூங்கு கண்ணு, அப்பா. முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. பக்கம் வெள்ளையாகவில்லை. கடிதம் போய்விட்டது.

போக நாற்பது நிமிடம், பதில் வர நாற்பது நிமிடம். நான் கிளம்பியிருக்கலாம். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்க்காமல் போக மனம் வரவில்லை. அப்பனை மகள் காறித் துப்புவதை நான் பார்க்க வேண்டும். மாஸ்டர் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போய் ஆடை கட்டியது.

பதினொன்றே முக்காலுக்குப் பதில் வந்தது. அவர் கண்ணாடியைத் தேடினார். நானே வாய்விட்டுப் படித்தேன்.

"யார் நீ? என் அம்மா மாதிரி பிழையோடு அடித்து என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா? அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. என் அப்பா ஓர் எழுத்துப் பிழை விடமாட்டார். ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தெரியாது என்று சொல்கிற ஆளும் அவர் இல்லை. இது என் அப்பா இல்லை. ஆபீஸில் புகார் செய்கிறேன்."

நான் எதிர்பார்த்தது இது இல்லை. இதைவிட நல்லது. ஒரே நாளில் அவர் பெற்ற மகளுக்கே ஆள்மாறாட்டக்காரர் ஆகிவிட்டார்.

அடியில் கப்பல் ஆபீஸின் வரி ஒன்று ஒளிர்ந்தது. அனுப்பியவர் மேல் சந்தேகம் எழுந்துள்ளது, அருகில் பதிவு பெற்ற சர்வீஸ் பணியாளர் இருந்தால் பன்னிரண்டு மணிக்குள் உறுதி செய்யலாம், அதை உடனே கப்பலுக்குச் சொல்லிவிடுவோம். இவரை உங்களுக்குத் தெரியுமா?

மாஸ்டர் எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார். 

"அடி அம்மணி. தெரியும்னு ஒரே ஒரு வார்த்தை. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"பக்கத்து வீட்ல யாரையாச்சும் கூப்புடுங்களேன்."

"அவுங்க போர் போடற ரிக் லாரியோட ஆந்திரா போயிட்டாங்க. அவுங்க வெரலெல்லாம் செல்லாதும்மா. உன் வெரல்தான் பதிவுல இருக்குது."

உட்கார்ந்தேன். பதினொன்று ஐம்பத்திரண்டு. அவர் என் வாயைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். அப்புறம் பார்க்கவும் முடியாமல் கண்ணை மூடிக்கொண்டார். தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் அவசரப்படவில்லை. இருபத்தாறு வருடம் காத்திருந்தவள் எட்டு நிமிடம் காத்திருக்க மாட்டேனா? ஐம்பத்தெட்டு ஆனதும் பத்து விரலையும் வைத்து, கீழே பார்க்காமல், அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே சுத்தமாக அடித்தேன்.

தெரியாது.

பக்கம் நன்றி சொல்லி மூடிக்கொண்டது. வயிறு குளிர்ந்தது. இன்றைக்குக் கேட்டாலும் அந்த நிமிடம் குளிர்ந்தது என்றுதான் சொல்வேன்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார்.  என்னை ரொம்ப நேரம் பார்த்தார். எங்கள் வேலையில் கையெழுத்து வாங்காமல் வரக் கூடாது. டேப்லெட்டை அவர் முன்னால் நீட்டினேன். குறை, காரணம், செய்த வேலை, அதற்குக் கீழே வாடிக்கையாளர் கருத்து. பேனாவை வாங்கி என்னவோ எழுதினார், கையெழுத்துப் போட்டார், திருப்பிக் கொடுத்தார். திட்டி எழுதியிருப்பார் என்று பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டேன்.

ரிக் பட்டறை முக்கில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். மணி பன்னிரண்டு ஏழு. கம்பெனிக்கு அனுப்புவதற்காகச் சீட்டைத் திறந்தேன். மணிமணியான கையெழுத்தில் ஒரே வரி இருந்தது.

"இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். ஏழாம் நம்பர் மிஷின்."

நான் அவரிடம் சொல்லவே இல்லை. அப்புறம்தான் என் இடது சுண்டுவிரலைப் பார்த்தேன். தெரியாது என்பதில் ஒரு 'ய' இருக்கிறது. மிஷின் மாறி, வேலை மாறி, பாதி ஆயுளே போன பிறகும் அந்த விரல் 'ய'வில் அழுந்தி நின்றுதான் எழுகிறது. கண்ணை மூடிக்கொண்டு அவர் அதைத்தான் கேட்டிருக்கிறார்.

பரீட்சை ஹாலில் 'தெரியும்' என்ற அந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் நான் வேறு யாராகவோ ஆகியிருப்பேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அந்த டேப்லெட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. இப்போது எதற்கு? யாருக்கு வேண்டும் இது? வண்டியைத் திருப்பி அந்தத் தெரு முனை வரைக்கும் போனேன். வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. போய் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு மாஸ்டர் மூன்று மாதம்தான் உயிரோடு இருந்தார். ஒன்பது வருடம் கழித்து வாசுகி கண் விழித்ததும், அப்பா எழுதிய அந்தப் பிழைக் கடிதம் அவள் முன்னால் இருக்கும். பக்கத்திலேயே பதிவு பெற்ற பணியாளரின் பெயரும், அவர் சொன்ன பதிலும் இருக்கும். பெயரை வைத்துத் தேடிப் பிடித்து அவள் எனக்கு எழுதுவாள். அந்த மனிதரைத் தெரியுமா என்று கேட்பாள். அதற்கு அன்றைக்கு உயிரோடு இருக்கப்போகிற சாட்சி நான் ஒருத்திதான்.

சீட்டை அனுப்ப அடியில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். குறை தீர்ந்ததா, ஆம் அல்லது இல்லை. மேனேஜர் வாரா வாரம் கேட்கிறார். அந்தப் புகார் மட்டும் இன்னும் என் பெயரிலேயே நிற்கிறது.